வெப்பத்தில் இயங்கும் வால்வுக்குக் காப்புரிமை: பரிசோதனையைக் கடப்பது எப்படி?

கார் எஞ்சினில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு மின்சாரம் வேண்டாம். கூலன்ட் சூடானதும் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரியும், தண்டைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். இதே வகையில் புதிதாக ஒரு வால்வைச் செய்து, அதற்கு இந்தியாவில் காப்புரிமை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேத் பட்டறை, பம்ப் தொழில், பொறியியல் கல்லூரி என்று எங்கிருந்து வந்தாலும், முதல் தடவை விண்ணப்பிக்கிறவர் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் உங்கள் வால்வைக் கையில் வாங்கிப் பார்க்கப்போவதில்லை. நன்றாக வேலை செய்கிறதா என்று குழாயில் மாட்டிச் சோதிக்கப்போவதும் இல்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, அதற்கு முன் உலகத்தில் எங்காவது வெளிவந்திருப்பதோடு ஒப்பிடுவார். தாக்கல் செய்த பிறகு புதிய விஷயம் எதையும் உள்ளே சேர்க்க முடியாது. அதனால் பரிசோதனையில் கைகொடுக்கப்போவது, தாக்கல் செய்யும் முன்பு நீங்கள் எழுதி வைத்ததுதான்.

விளக்குவதற்கு ஒரு கற்பனை வால்வை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். கோடையில் குளியலறைக் குழாயில் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வருகிறது. நம் வால்வு 48 டிகிரியைத் தாண்டினால் ஓட்டத்தை அடைத்து, சிறு கசிவு மட்டும் விடும். தண்ணீர் ஆறியதும் தானே திறக்கும். போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால், வால்வை இயக்கும் மெழுகு அடைத்த குப்பி மேல் சுண்ணாம்பு படிந்து சில மாதங்களில் மந்தமாகிவிடும். அதைத் தவிர்க்க, குப்பியின் மேல் ஒரு மெல்லிய செம்பு உறை. திருகிக் கழற்றித் துடைக்கலாம், உள்ளே செட்டிங் மாறாது. கசிவுத் துளை சாய்வாகத் துளைக்கப்பட்டு, அதன் தாரை நேராக அந்த உறை மேல் விழுகிறது.

முதல் படி: வாயைத் திறக்காதீர்கள்

கண்காட்சியில் வைப்பது, யூடியூபில் வீடியோ போடுவது, வாட்ஸ்அப் குழுவில் படம் அனுப்புவது, நான்கு பேருக்கு விற்பது எல்லாமே உங்கள் கண்டுபிடிப்பை நீங்களே பொதுவில் வெளியிட்டதாகிவிடலாம். அப்புறம் அது புதிது இல்லை. காப்புரிமைச் சட்டத்தில் 12 மாத விலக்கு ஒன்று உண்டு, ஆனால் அது அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் படிக்கும் கட்டுரை போன்ற குறுகிய சில நிலைமைகளுக்கு மட்டும்தான். கொடிசியா வளாகத்தில் ஸ்டால் போட்டுவிட்டு அந்த விலக்கு காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். முதலில் தாக்கல், பிறகு ஸ்டால்.

யாரிடமாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வார்ப்பு போட்டுத் தருபவரிடம்கூட, ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் வால்வை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்

இந்தத் துறை மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டிலேயே கார்னீலிஸ் டிரெபெல் அடைகாப்புப் பெட்டியின் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பைச் செய்தார். ஆண்ட்ரூ யூர் 1830இல் இரு உலோகப் பட்டையால் இயங்கும் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மெழுகு விரிவதை வைத்து வேலை வாங்கும் குப்பியை 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கினார். ஆகவே "சூட்டால் இயங்கும்" என்ற எண்ணத்தில் எந்தப் புதுமையும் மிச்சமில்லை. புதுமை இருந்தால் அது அமைப்பில்தான் இருக்கும்.

வார்த்தைகளை மட்டும் வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும். ஒருவர் தெர்மோஸ்டாட்டிக் வால்வு என்பார், இன்னொருவர் ஆன்ட்டி ஸ்கால்ட் (சுடாமல் காப்பது) என்பார், மூன்றாமவர் வெறுமனே ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவி என்று எழுதியிருப்பார். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டின் எண்களை வைத்துத் தேடுங்கள். வால்வுகள் எல்லாம் எஃப்16கே (F16K). அதில் 31/64 வெப்பநிலை மாற்றத்துக்கு ஏற்ப இயங்கும் அமைப்புகளுக்கானது. வெப்பநிலைக் கட்டுப்பாடு ஜி05டி (G05D) 23. சூடான தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் வால்வுகள் அதிலேயே 23/13இன் கீழ் வரும். எஞ்சின் கூலன்ட் தெர்மோஸ்டாட் எஃப்01பி (F01P) 7/16. நீராவிக் குழாயில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் நீராவி ட்ராப்கள் எஃப்16டி (F16T). உங்களுடையது குளியலறைச் சாமான் என்பதற்காக இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடக் கூடாது. பரிசோதகர் விடமாட்டார்.

தேடும் இணையத் தளங்கள்: எஸ்பாஸ்நெட், பேடன்ட்ஸ்கோப், கூகுள் பேடன்ட்ஸ், இந்திய விண்ணப்பங்களுக்கு இன்பாஸ். நான்குமே இலவசம். சரி, காப்புரிமை ஆவணங்களோடு தேடல் முடிந்ததா? இல்லை. கம்பெனி கேட்லாக், பாடப்புத்தகம், தரக்குறியீட்டு ஆவணம் எல்லாமே உங்களுக்கு எதிராக நிற்கும். நம் எடுத்துக்காட்டில் இதுதான் பெரிய அடி. தண்ணீர் அளவுமீறிச் சூடானால் ஓட்டத்தைக் குறைக்கும் குழாய் வால்வுகளுக்கென்றே அமெரிக்காவில் ஏஎஸ்எஸ்இ 1062 என்று ஒரு தரக்குறியீடு இருக்கிறது. அதாவது, சூடானால் அடைத்துக் கசிவு மட்டும் விடும் வால்வு ஏற்கெனவே தெரிந்த பொருள். இதைத் தாக்கலுக்கு முன்னால் தெரிந்துகொண்டவர் அதைச் சுற்றி எழுதலாம். பிறகு தெரிந்துகொண்டவருக்கு அந்த வழி இல்லை.

கண்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த ஆவணம், எந்தத் தேதி, அதில் எந்தப் படம், நம் வால்வின் எந்தப் பாகம் அதில் இருக்கிறது, எது இல்லை. இந்த "இல்லை" என்ற கட்டம்தான் உங்கள் காப்புரிமை.

மூன்றாம் படி: உரிமைக்கோரல் எழுதுவது

க்ளெய்ம் என்று எல்லோரும் சொல்லும் உரிமைக்கோரல்தான் உங்கள் உரிமையின் எல்லை. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல, ஒவ்வொரு சொல்லும் உங்கள் இடம் எதுவரை என்று சொல்கிறது. நம் வால்வுக்கு மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

முதல் முயற்சி: "தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடும் வால்வு." இதைச் சாய்க்க ஒரு கார் தெர்மோஸ்டாட் போதும்.

இரண்டாவது: "உடல், மெழுகுக் குப்பி, குப்பியால் நகரும் மூடி, திருப்பித் தள்ளும் ஸ்பிரிங், மூடிய நிலையிலும் கசிவு விடும் துளை ஆகியவை கொண்ட வால்வு." பார்க்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் இந்த எல்லாப் பாகமும் கொண்ட பொருள் ஏற்கெனவே உண்டு.

மூன்றாவது: மேலே சொன்ன பாகங்களோடு, "குப்பியைத் தண்ணீரிலிருந்து பிரித்து, அதன் செட்டிங் கலையாமல் கழற்றக்கூடியதாக உள்ள வெப்பம் கடத்தும் உறையும், கசியும் தாரை அந்த உறையின் முகத்தில் மோதும்படி சாய்வாக அமைந்த கசிவுத் துளையும்" என்று சேர்க்கிறோம். இப்போதுதான் பேசுவதற்கு ஏதோ இருக்கிறது.

இது முதன்மைக் கோரல். இதன் கீழே சார்புக் கோரல்களைப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டு போகலாம்: உறை செம்பு, அதன் தடிமன் இத்தனை முதல் இத்தனை மில்லிமீட்டர் வரை, துளையின் சாய்வுக் கோணம் இதிலிருந்து இதுவரை, உறைக்கும் குப்பிக்கும் நடுவில் வெப்பம் கடத்தும் கிரீஸ். முதன்மைக் கோரல் விழுந்தால் இவற்றில் ஒன்றை மேலே கொண்டுவந்து நிற்கலாம்.

ஆனால் நிற்பதற்கான இடம், கண்டுபிடிப்பை முழுதாக விளக்கி நீங்கள் தரும் விவரக்குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கே தயவுசெய்து கஞ்சத்தனம் காட்டாதீர்கள். துளையைச் சாய்க்காமல் வைத்துப் பார்த்தபோது வால்வு மறுபடி திறக்க எவ்வளவு நேரம் ஆனது, சாய்த்தபோது எவ்வளவு? சுண்ணாம்பு படிந்த உறையோடு எவ்வளவு? அளந்து, அட்டவணையாகவே எழுதுங்கள். மெழுகுக்குப் பதில் பைமெட்டல் என்னும் இரு உலோகப் பட்டை போடலாமா, சூடானால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வடிவ நினைவு உலோகக்கலவை ஸ்பிரிங் போடலாமா? போடலாம் என்றால் எப்படி என்று படத்தோடு சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த சிறந்த வழியை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது சட்டம் பிரிவு 10இல் கேட்கும் கடமை. உங்களுக்கும் அதுவே நல்லது.

வேலை இன்னும் முடியவில்லை, தேதி மட்டும் பிடிக்க வேண்டும் என்றால் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கலாம். அந்தத் தற்காலிகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி கிடைக்கும். அரைப் பக்கம் எழுதிவிட்டுத் தேதி கிடைத்துவிட்டது என்று இருப்பது ஆபத்து.

நான்காம் படி: தாக்கல், கட்டணம், காத்திருப்பு

தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென்பகுதிக்குச் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். காகிதத்தில் கொடுத்தால் கட்டணம் சுமார் பத்து சதவீதம் கூடும். படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு, படிவம் 3 வெளிநாட்டு விண்ணப்பங்கள் பற்றிய உறுதி, படிவம் 5 கண்டுபிடித்தவர் யார் என்ற அறிவிப்பு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கம், 10 கோரல் வரை இது. அதற்கு மேல் பக்கத்துக்கு 160, கோரலுக்கு 320.

தாக்கல் செய்ததாலேயே பரிசோதனை தொடங்கிவிடாது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். படிவம் 18 கொடுத்துத் தனியாகக் கேட்க வேண்டும். மேலே சொன்ன பிரிவினருக்கு 4,000 ரூபாய். 2024 மார்ச் 15 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதல் தாக்கலின் தேதியிலிருந்து, 31 மாதம். பழைய 48 மாதக் கெடுவைச் சொல்லும் கட்டுரைகள் இணையத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன, நம்பாதீர்கள். கெடு தவறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கருதிவிடுவார்கள்.

விண்ணப்பம் 18 மாதத்தில் பொதுவில் வெளியிடப்படும். சீக்கிரம் வேண்டுமென்றால் படிவம் 9. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், விண்ணப்பதாரர்களில் ஒரு பெண்ணாவது உள்ள தனிநபர் விண்ணப்பம் போன்றவற்றுக்குப் படிவம் 18ஏ வழியாக விரைவுப் பரிசோதனை உண்டு. சந்தையில் போட்டி இருக்கும் வால்வு என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை என்பது என் கருத்து.

வெளிநாட்டிலும் வேண்டும் என்றால் முதல் தாக்கலிலிருந்து 12 மாதத்துக்குள் நகர வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், இரண்டில் ஒன்றும் இல்லாமல் வெளிநாட்டில் தாக்கல் செய்யக் கூடாது.

ஐந்தாம் படி: முதல் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது

எஃப்.இ.ஆர். என்று சொல்லும் முதல் பரிசோதனை அறிக்கை வந்ததும் பயந்துவிட வேண்டாம். அநேகமாக எல்லா விண்ணப்பத்துக்கும் ஆட்சேபணைகளோடுதான் வரும். அதில் டி1, டி2, டி3 என்று பரிசோதகர் கண்டெடுத்த ஆவணங்கள் இருக்கும். அறிக்கை சொல்வதை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதாதீர்கள். ஒவ்வோர் ஆவணத்தையும் முழுதாக இறக்கி, படங்களைப் பாகம் பாகமாகப் பாருங்கள். ஒரு படத்தில் உறை மாதிரித் தெரிவது உண்மையில் வெறும் வடிகட்டியாக இருக்கலாம்.

நம் வால்வுக்கு என்ன வரும் என்று ஊகிக்கலாம். டி1, மெழுகுக் குப்பியும் கசிவுத் துளையும் உள்ள ஷவர் வால்வு. டி2, குழாய்க்குள் வெப்பமானியைச் செருகி வைக்கும் தெர்மோவெல், அதாவது உணரியைத் திரவத்திலிருந்து பிரிக்கும் உலோக உறை. பரிசோதகர் மூன்று விதமாகத் தாக்கலாம்.

ஒன்று, புதுமை இல்லை. இது நிற்க வேண்டுமானால் உங்கள் கோரலில் உள்ள எல்லாமே ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். டி1இல் உறை இல்லை, டி2இல் வால்வே இல்லை. இது எளிய பதில்.

இரண்டு, கண்டுபிடிப்புப் படி இல்லை, அதாவது தெரிந்ததிலிருந்து எளிதில் எட்டிவிடக்கூடியது. டி1ஐத் தெரிந்த கைதேர்ந்த ஆள், சுண்ணாம்புப் பிரச்சினை வந்தால் டி2இன் உறையைப் போட்டுவிட மாட்டாரா என்ற கேள்வி. இதுதான் நிஜமான சண்டை. 1978இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாத்திரங்களை லேத்தில் பிடிக்கும் ஓர் அமைப்பைப் பற்றிச் சொன்னது இன்றும் அடிப்படை: வெறும் பட்டறை மேம்பாடு போதாது, அதற்கும் மேலே ஏதாவது வேண்டும். அந்தக் காப்புரிமை அங்கே நிற்கவில்லை.

அப்படியானால் நம் பதில் என்ன? உறை போட்டால் வெப்பம் உள்ளே போகத் தாமதமாகும். கொதிக்கும் தண்ணீரைத் தடுக்க வேண்டிய வால்வுக்கு அந்தத் தாமதம் நோக்கத்துக்கே எதிரானது, ஆகவே கைதேர்ந்த ஆள் அந்தப் பக்கம் போகத் தயங்குவார். நாம் கசிவுத் தாரையை உறை மேல் மோதவிட்டு அந்தத் தாமதத்தைக் குறைத்திருக்கிறோம், அதே தாரை படிவையும் அரிக்கிறது. இந்த யோசனை டி1இலும் இல்லை, டி2இலும் இல்லை. ஆதாரம், விவரக்குறிப்பில் உள்ள அட்டவணை. இப்போது புரிந்திருக்கும், அளந்து எழுதச் சொன்னது ஏன் என்று. அட்டவணை இல்லாமல் இதே வாதத்தைச் சொன்னால் அது வக்கீல் பேச்சாக மட்டுமே நிற்கும்.

மூன்று, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லும் பிரிவு 3. வால்வுக்காரர்களைத் துரத்துவது அதன் எஃப் உட்பிரிவு: தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்குவது, மாற்றி அடுக்குவது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் பழைய வேலையையே செய்வது என்றால் அது கண்டுபிடிப்பே இல்லை. வடிகட்டியையும் வால்வையும் ஒரே உடலில் வைத்தேன் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். தப்பிக்கும் வழி, பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து வேலை செய்கின்றன என்று காட்டுவது. சாய்ந்த துளை இல்லாவிட்டால் உறை மந்தம். உறை இல்லாவிட்டால் துளை எங்கே சாய்ந்தால் என்ன. இந்தச் சார்பு கோரலின் சொற்களிலேயே தெரிய வேண்டும்.

இவற்றோடு தெளிவின்மை ஆட்சேபணையும் வரும். "போதுமான", "ஏறக்குறைய", "வேகமாக" போன்ற சொற்களைக் கோரலில் வைத்தால் கண்டிப்பாக வரும். அதை எண்ணாலோ அமைப்பாலோ மாற்றிவிடலாம், பெரிய விஷயம் இல்லை.

ஆறாம் படி: பதில்

அறிக்கை தேதியிலிருந்து ஆறு மாதம். படிவம் 4 கொடுத்துப் பணம் கட்டினால் இன்னும் மூன்று மாதம். பதிலே போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். படிவம் 3ஐப் புதுப்பித்துத் தருவதற்கு அறிக்கை வந்ததிலிருந்து மூன்று மாதம்தான், இதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

திருத்தும்போது பிரிவு 59 கதவருகில் நிற்கும். கோரலைக் குறுக்கலாம், பிழை திருத்தலாம், விளக்கலாம். முதலில் எழுதியதைவிட அகலப்படுத்த முடியாது. வால்வுக் கோரலாக இருந்ததைப் பிறகு தயாரிப்பு முறைக் கோரலாக மாற்றப் போனாலும் சிக்கல்தான். மாற்றிய இடங்களைக் காட்டும் பிரதி ஒன்றும், சுத்தமான பிரதி ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் விவரக்குறிப்பில் எந்தப் பக்கம் ஆதாரம் என்று எழுதுங்கள். படிக்கிறவருடைய வேலையைக் குறைத்தால் உங்கள் வாதத்துக்கு நேரம் கிடைக்கும்.

பதிலில் கோபம் வேண்டாம். "பரிசோதகர் புரிந்துகொள்ளவில்லை" என்று எழுதுவதைவிட, "டி1இன் படம் 2இல் உள்ள பாகம் 14, குப்பியைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவில்லை" என்று எழுதுவது பலமானது.

ஏழாம் படி: விசாரணை

பதிலில் திருப்தி இல்லாவிட்டால், காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் விசாரணைக்கு அழைப்பார், பெரும்பாலும் வீடியோ வழியாக. எந்தெந்த ஆட்சேபணை மிச்சமிருக்கிறது என்று நோட்டீஸிலேயே இருக்கும். அவற்றுக்கு மட்டும் பேசுங்கள். ஒரு நல்ல வெட்டுப் படத்தைத் திரையில் காட்டத் தயாராக வைத்திருங்கள். பேசியதை 15 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்தச் சார்புக் கோரல்வரை இறங்கி வரலாம் என்பதை விசாரணைக்கு முந்தைய நாளே முடிவு செய்து வையுங்கள். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் எளிதில் தாண்டிப் போகும் அளவுக்குக் குறுகிய காப்புரிமையைச் சுவரில் மாட்டுவதைவிட, மேல்முறையீடு செய்வது சில சமயம் சரியான முடிவு.

ஏஜென்ட் இல்லாமல் நீங்களே இதையெல்லாம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. தாக்கலை நீங்களே செய்தாலும், கோரல் எழுதுவதற்கும் எஃப்.இ.ஆர். பதிலுக்கும் இயந்திரவியல் படித்த காப்புரிமை ஏஜென்ட் ஒருவரிடம் பணம் கொடுத்துப் பாருங்கள் என்பதே என் யோசனை.

இதற்கிடையில், விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை தரப்படும் முன்பு, யார் வேண்டுமானாலும் படிவம் 7ஏ கொடுத்து எதிர்க்கலாம். அது உங்களுக்கும் உள்ள உரிமை. ஊரெல்லாம் செய்துகொண்டிருக்கும் வால்வுக்கு வேறு யாராவது விண்ணப்பித்திருந்தால், தேதி போட்ட பழைய கேட்லாக், இன்வாய்ஸ், வரைபடம் இவற்றோடு நீங்கள் போகலாம்.

முடிவு வந்த பிறகு

காப்புரிமை கிடைத்தால் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. பரிசோதனை இழுத்துக்கொண்டு போயிருந்தால், சேர்ந்துவிட்ட ஆண்டுகளுக்கானதைப் பதிவேட்டில் ஏறியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். கண்டுபிடிப்பை இந்தியாவில் பயன்படுத்துகிறீர்களா என்று சொல்லும் படிவம் 27, இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒரு தடவை.

மறுக்கப்பட்டால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முன்பு இதற்கென்று இருந்த வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. சென்னை அலுவலக விண்ணப்பம் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவு.

உங்கள் விவரக்குறிப்பில் இரண்டு தனிக் கண்டுபிடிப்புகள் இருந்து, அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆட்சேபணை வந்திருந்தால், மற்றொன்றைப் பிரித்துத் தனி விண்ணப்பமாகப் போடலாம். பழைய தேதியே அதற்கும் கிடைக்கும். ஆனால் அதை முதல் விண்ணப்பத்தின் மீது முடிவு வருவதற்கு முன்பே போட்டாக வேண்டும். விசாரணை நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே இதைப் பற்றி முடிவெடுங்கள்.